ஆயில் கிண்ண ஏர் கிளீனர்: கோடு வரைக்கும் ஊற்றுங்கள், கழுத்து வரைக்கும் வேண்டாம்

கேள்வி சுருக்கமாக இதுதான். மேலூர் பக்கம் ஒரு தம்பியிடம் அப்பா காலத்து மேஸி 1035 டிராக்டர் இருக்கிறது. கதிரடிக்கும் மெஷினும் டிரெய்லரும் ஓட்டுகிறார். ரேஸ் கொடுத்தால் நீலப்புகை வருகிறது. பட்டறையில் எஞ்சினைப் பிரித்து பிஸ்டன் ரிங் மாற்றச் சொல்கிறார்கள். ஏர் கிளீனர் பழைய மாதிரி, அடியில் ஆயில் ஊற்றும் கிண்ணம் வைத்தது. வேலை முடிந்து வண்டியை நிறுத்தியதும் கிண்ணத்தைப் பார்த்தால் ஆயில் குறைவாகத் தெரிகிறது, அதனால் தினமும் சாயங்காலம் கொஞ்சம் ஊற்றி நிரப்பிவிடுகிறார். எவ்வளவு ஊற்ற வேண்டும், பழைய ஆயில் ஊற்றலாமா, பேப்பர் ஃபில்டருக்கு மாறிவிடலாமா, கிணற்று மேட்டில் இருக்கும் பழைய டீசல் பம்ப்செட்டுக்கும் இதே கணக்குதானா என்று கேட்கிறார்.

எஞ்சினைப் பிரிக்காதீர்கள் தம்பி, இப்போதைக்கு. சாயங்காலம் நிறுத்தியதும் ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்களே, சந்தேகம் முதலில் அங்கேதான் விழுகிறது. ஏன் என்று புரிய, அந்தக் கிளீனர் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

மேலே நிற்கும் குழாய் வழியாகக் காற்று இறங்குகிறது. டப்பாவின் நடுவில் ஒரு தடித்த குழாய் நேராகக் கீழே வந்து, கிண்ணத்தில் இருக்கும் ஆயிலுக்குச் சற்று மேலே முடிகிறது. வேகமாக இறங்கி வரும் காற்று ஆயிலின் முகத்தில் மோதி, அப்படியே திரும்பி, குழாயைச் சுற்றியிருக்கும் இடைவெளி வழியாக மேலே ஏற வேண்டும். காற்றுக்குத் திரும்பத் தெரியும். கனமான மண் துகளுக்கு அந்த வேகத்தில் திரும்ப வராது, நேராகப் போய் ஆயிலுக்குள் விழுந்துவிடும். மேலே ஏறும் காற்று கூடவே ஆயிலைத் துளித்துளியாகத் தூக்கிக்கொண்டு போகும். அந்த ஆயில் மேலே அடைத்து வைத்திருக்கும் கம்பி வலையை நனைக்கும். ஆயிலில் விழாமல் தப்பிய பொடித்தூசி இந்த நனைந்த வலையில் ஒட்டிக்கொள்ளும். வலையில் சேர்ந்த ஆயில் தூசியையும் கழுவிக்கொண்டு மறுபடி கிண்ணத்துக்குச் சொட்டும். வண்டி ஓடும் வரைக்கும் இந்தச் சுற்று நிற்காது. சில பழைய எஞ்சின்களில் கம்பி வலைக்குப் பதில் தேங்காய் நார் அடைத்திருக்கும், வேலை ஒன்றுதான்.

ஆக, வண்டி ஓடும்போது கிண்ணத்து ஆயிலில் ஒரு பங்கு வலையில்தான் இருக்கிறது. நிறுத்தினவுடன் பார்த்தால் கிண்ணத்தில் குறைவாகத்தான் தெரியும். 15 நிமிடம் விட்டுப் பார்த்தால் சொட்டி இறங்கி, கிண்ணத்தில் அடித்திருக்கும் மட்டக் கோட்டுக்கு வந்துவிடும். நிறுத்தின சூட்டில் கோடு வரைக்கும் ஊற்றினால், அரை மணி நேரத்தில் கோட்டுக்கு மேலே ஒரு விரல் ஏறி நிற்கும். மறுநாள் ஸ்டார்ட் பண்ணி ரேஸ் கொடுத்ததும் அந்த அதிக ஆயிலை எஞ்சின் இழுத்துக் குடிக்கும். அதுதான் நீலப்புகை. சாயங்காலம் பார்த்தால் மறுபடி குறைந்திருக்கும், மறுபடி ஊற்றுவீர்கள். இது முடியாத கதை.

ரிங் தேய்ந்த புகையா, கிளீனர் ஆயில் புகையா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. எஞ்சின் ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியில், அதாவது டிப்ஸ்டிக்கில், ஆயில் அப்படியே நிற்க, கிளீனர் கிண்ணத்தில் மட்டும் குறைந்துகொண்டே போனால் கிளீனர்தான். கிளீனரிலிருந்து மேனிஃபோல்டுக்கு (எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விடுங்கள். லேசான ஆயில் பசை இருக்கலாம், குட்டையாகத் தேங்கி நிற்கக் கூடாது. டிப்ஸ்டிக்கில் குறைகிறது, எஞ்சின் மூச்சு விடும் பிரீதர் குழாயில் புகை குப்குப்பென்று வருகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது என்றால் ரிங், லைனர் (பிஸ்டன் ஓடும் இரும்பு உறை) பக்கம் போகலாம். கரும்புகை வேறு விஷயம். காற்று போதாமல் டீசல் முழுக்க எரியாதபோது வருவது அது. வலை அடைத்திருந்தாலும் அப்படித்தான் வரும், கூடவே இழுவையும் செத்துவிடும்.

அதிகமாக ஊற்றுவது புகையோடு நின்றுவிடாது. டீசல் எஞ்சினுக்கு ஆயிலும் எரிபொருள்தான். நிறைய ஆயில் ஒரே மூச்சில் உள்ளே போனால் டீசல் பம்ப்பின் கட்டுப்பாட்டை மீறி எஞ்சின் தானாக ரேஸ் ஏறும். ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது, அது டீசலை மட்டும்தானே நிறுத்துகிறது. அப்படி நேர்ந்தால் காற்று நுழையும் வாயை ஒரு தட்டையான பலகையால் அல்லது நன்றாக மடித்த கனமான சாக்கால் அடைப்பதுதான் வழி. கையை வைக்காதீர்கள், அந்த உறிஞ்சல் கையை விடாது.

குறைவாக ஊற்றினால் என்ன? குழாயின் வாய்க்கும் ஆயிலுக்கும் இடைவெளி கூடிவிடும். காற்று ஆயிலில் மோதாமலே திரும்பிவிடும், வலைக்கு ஆயில் ஏறாது. காய்ந்த வலையில் தூசி ஒட்டாது. இதில் புகையும் வராது, சத்தமும் மாறாது. அதனால்தான் குறைவாக ஊற்றியது பல மாதம் கழித்து லைனரில்தான் தெரியவரும்.

எவ்வளவு மண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்று ஒரு கணக்குப் போடுங்கள். உங்கள் வண்டியில் மூணு சிலிண்டர், சுமார் 2.4 லிட்டர் எஞ்சின். நாலு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை இழுக்கும். 1500 சுற்றில் மெஷின் ஓட்டினால் நிமிடத்துக்கு 750 முறை. முழுக்க நிறைவதில்லை, முக்கால் பங்குக்குச் சற்று மேல் என்று வைத்தாலும் நிமிடத்துக்கு 1,400 லிட்டர் காற்றுக்குக் குறையாது. மணிக்கு 85,000 லிட்டர் பக்கம் வரும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஏழு நிற்கிற அளவுக் காற்று, ஒவ்வொரு மணி நேரமும். அதுவும் கதிரடிக்கும் களத்துக் காற்று.

அந்தத் தூசியில் சுனையும் (கதிரின் மெல்லிய முள்) உமியும் கண்ணுக்குத் தெரியும், ஆனால் எஞ்சினை அறுப்பது அவையல்ல. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் மணல்தான். மேலூர் வட்டாரத்தில் செம்மண்ணோடு கிரானைட் கல்தூளும் சேரும். கிரானைட்டில் பெரும்பங்கு ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம், கடினமான குவார்ட்ஸ் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை என்று வைத்துக்கொள்ளலாம். லைனர் இரும்பைவிடக் குவார்ட்ஸ் கடினமானது. ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் சில மைக்ரான்தான். அந்தக் கனத்தை ஒட்டிய, கண்ணுக்கே தெரியாத பொடிதான் இடையில் புகுந்து உப்புத்தாள் வேலை பார்க்கும். திருமங்கலம், பேரையூர் பக்கத்துக் கரிசல் தூசி இன்னும் பொடியானது. கரிசலில் உழுதவர்கள் கிண்ணத்தைக் கழற்றினால் தார் மாதிரி கறுத்துக் கிடக்கும், செம்மண்ணில் செங்கல் குழம்பு மாதிரி.

இனி கழுவும் முறை.

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சரிவில் நின்றால் கோடும் பொய் சொல்லும், கழற்றும்போது ஆயிலும் கொட்டும். எஞ்சினை அணைத்துக் குறைந்தது 15 நிமிடம் விடுங்கள். கிண்ணத்தைச் சுற்றியிருக்கும் உமி, வைக்கோல் தூளைக் கிளிப்பைத் தொடுவதற்கு முன்பே துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கழற்றும்போது அதெல்லாம் உள்ளேதான் விழும். ஒரு கையால் கிண்ணத்தைத் தாங்கிக்கொண்டு மற்ற கையால் கிளிப்பை விடுங்கள். நிறைந்த கிண்ணம் நினைப்பதைவிடக் கனமாக இருக்கும்.

மேலே நிற்கும் ஆயிலை மெதுவாக ஒரு டப்பாவில் சாய்த்து ஊற்றுங்கள். அடியில் மண் களி மாதிரி படிந்திருக்கும். அதில் ஒரு தீக்குச்சியை நட்டுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் புதைந்தால் கழுவும் நேரம் வந்துவிட்டது, அதற்கு மேல் புதைந்தால் தாண்டிவிட்டது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மண் சேரச்சேர அது ஆயிலை மேலே தூக்கும். ஊற்றாமலே மட்டம் கோட்டுக்கு மேலே போகும். "ஆயில் நிறைய இருக்கிறது, இன்னும் ஒரு வாரம் ஓடும்" என்று மேலே மட்டும் பார்த்துவிட்டு மூடினால், உள்ளே ஆயில் பாதியும் மண் பாதியுமாக இருக்கும். மழையில் நின்ற வண்டியிலும் இதே ஏமாற்று நடக்கும். மேல் குழாயின் தொப்பி உடைந்திருந்தால் தண்ணீர் இறங்கி ஆயிலுக்கு அடியில் போய் உட்காரும். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர்தான், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

களியை மரக்குச்சியாலோ தட்டையான தகரத்தாலோ சுரண்டி எடுத்து, கிண்ணத்தை டீசல் விட்டுக் கழுவித் துணியால் துடையுங்கள். நூல் பிரியாத பனியன் துணி நல்லது. கழற்றக்கூடிய கீழ் வலை இருந்தால் அதை ஒரு தட்டில் டீசல் ஊற்றி முக்கி முக்கி எடுத்து அலசுங்கள். டீசல் தெளிவாக வடியும் வரைக்கும், மூன்று நான்கு தடவை ஆகும். பெட்ரோல் வேண்டாம். தீப்பிடிக்கும் என்பது ஒன்று, வலையில் மிச்சம் நின்றால் அப்படியே எஞ்சினுக்குள் போகும் என்பது இன்னொன்று. சீயக்காய், சோப்புத் தண்ணீர், வண்டி கழுவும் பிரஷர் பம்ப் எதுவும் வேண்டாம், கம்பி துருப்பிடித்தால் துருத்தூளே உள்ளே போகும்.

கழுவிய வலையை உடனே மாட்டக் கூடாது. அரை மணி நேரமாவது வெயிலில் சாய்த்து வைத்து வடியவிடுங்கள். சித்திரை வெயிலில் அதற்குள் காய்ந்துவிடும், ஐப்பசியில் இன்னும் நேரம் கொடுங்கள். வடியாத டீசல் கிண்ணத்தில் இறங்கி ஆயிலை நீர்த்துவிடும். நீர்த்த ஆயில் வலையில் நிற்காமல் எஞ்சினுக்குப் பறக்கும். "கழுவின அன்றைக்குத்தான் புகை அதிகம்" என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான். தேங்காய் நார் வைத்த கிளீனர் என்றால் நாரைத் தீயில் காட்டுவது, காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பது எல்லாம் கூடாது. நார் உதிர ஆரம்பித்தால் கழுவிப் பயனில்லை.

நடுக்குழாயை மறந்துவிடுவார்கள். ஒரு நீளக் கம்பியின் முனையில் துணியைச் சுற்றி, டீசலில் நனைத்து, மேலிருந்து கீழ்வரை விட்டு இழுங்கள். கிண்ணம் கழற்றியிருக்கும்போதே செய்ய வேண்டும், மண் கீழே விழட்டும். உடம்போடு ஒட்டிய மேல் வலை கழற்ற வராது. 250 முதல் 500 மணி நேரத்துக்குள் ஒருமுறை டப்பாவையே வண்டியிலிருந்து இறக்கி, எஞ்சின் பக்க வாய் வழியாக டீசலை ஊற்றி அலசிக் கவிழ்த்து வடியவிட வேண்டும். வண்டியில் இருக்கும்போதே இதைச் செய்தால் டீசல் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகு புது ஆயில். எஞ்சினுக்கு ஊற்றும் அதே கிரேடுதான், 20டபிள்யூ 40 ஊற்றினால் அதுவே இங்கும். கிண்ணத்தின் உட்பக்கம் ஒரு வரி அல்லது அம்புக்குறி அடித்திருக்கும். அந்த வரி வரைக்கும், மேலேயும் வேண்டாம், கீழேயும் வேண்டாம். லிட்டர் கணக்கு மாடலுக்கு மாடல் மாறும், வரிதான் கணக்கு. சில கிண்ணங்களுக்குள் இன்னொரு சின்னக் கிண்ணம் அல்லது தட்டு உட்காரும். கழுவி வெயிலில் காயவைத்த இடத்திலேயே அதை விட்டுவிட்டு மூடுவது சகஜமாக நடக்கும் தவறு. விளிம்பு ரப்பர் வாஷர் வெடித்திருந்தாலோ தட்டையாகிவிட்டாலோ மாற்றுங்கள், விலை அதிகமில்லை. கிளிப் இரண்டும் ஒரே இறுக்கத்தில் விழ வேண்டும்.

எஞ்சினிலிருந்து இறக்கின பழைய ஆயிலை இதில் ஊற்றுவது நம் ஊரில் பரவலான வழக்கம். "தூசி பிடிக்கத்தானே, எரிக்கவா போகிறது" என்பார்கள். கொஞ்சமாவது எரியத்தான் செய்கிறது. இறக்கின ஆயிலில் கரியும் டீசலும் கலந்திருக்கும், ஒன்று கெட்டியாக இருக்கும் இல்லையேல் தண்ணியாக. கறுத்த ஆயிலில் எவ்வளவு மண் சேர்ந்தது என்றும் கண்ணுக்குத் தெரியாது. மிச்சமாகும் காசு ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில் விலை. என் அபிப்பிராயம், வேண்டாம்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? மட்டம் தினமும் காலையில், ஸ்டார்ட் பண்ணும் முன். சாதாரண உழவுக்கு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும். கதிரடிப்பு, மக்காச்சோளம் உதிர்ப்பு, மண் ரோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக டிரெய்லர் என்றால் 8 முதல் 10 மணி நேரம், அதாவது தினசரி. சேற்று உழவில் தூசியே இல்லை, அங்கே தண்ணீர் தெறித்து உள்ளே போகாமல் பார்த்தால் போதும். மேல் குழாயின் தலையில் இருக்கும் பிரி-கிளீனரையும் பாருங்கள். காற்றைச் சுழற்றிப் பெரிய தூசியை ஓரத்தில் ஒதுக்கும் கிண்ணம் அது. கதிரடிக்கும் நாளில் அதன் சல்லடையில் சுனை பஞ்சு மாதிரி அடைத்துக்கொள்ளும், டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் தட்டிவிடலாம். மெஷினைக் களத்தில் நிறுத்தும்போதே காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, தூசி டிராக்டருக்கு எதிர்ப்பக்கம் போகும்படி நிறுத்தினால் பாதி வேலை மிச்சம்.

இவ்வளவு செய்தும் ஒரு இடத்தில் கோட்டைவிட்டால் எல்லாம் வீண். கிளீனருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த ரப்பர் ஹோஸ். அதில் வெடிப்பு இருந்தால் சுத்தம் செய்யாத காற்று நேராக எஞ்சினுக்குள் போகிறது. வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்கம்தான் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. கழற்றி, வளைத்து, மடிப்புகளைப் பிரித்துப் பாருங்கள். உட்பக்கம் வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் நறநறவென்று மண் தட்டினால் எங்கோ ஓட்டை இருக்கிறது, தூசிக்கோடு எங்கிருந்து தொடங்குகிறதோ அங்கேதான். மாட்டிய பிறகு ஐட்லிங்கில் ஓடவிட்டு, பிரி-கிளீனரை எடுத்துவிட்டு, மேல் குழாய் வாயை ரப்பர் ஷீட் ஒட்டிய பலகையால் அடைத்துப் பாருங்கள். சில நொடிகளில் எஞ்சின் மூச்சுத் திணறி அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் வேறு வழியில் காற்று போகிறது. சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பி கட்டுவது வண்டியை வீடு கொண்டுபோய்ச் சேர்க்க மட்டும். புது ஹோஸும் திருகு வைத்த நல்ல கிளிப் இரண்டும் வாங்குங்கள்.

பேப்பர் ஃபில்டருக்கு மாறுவது பற்றி. வடிகட்டும் திறனில் பேப்பர்தான் மேல், அதில் சந்தேகமில்லை. நல்ல ஆயில் கிண்ணம் 95 முதல் 98 சதவீதம் பிடிக்கும், நல்ல பேப்பர் 99.5-க்கு மேல். ஆயில் கிண்ணத்துக்குக் காற்றின் வேகம் வேண்டும், ஐட்லிங்கில் அதன் திறன் இறங்கிவிடும். பேப்பருக்கு அந்தக் குறை இல்லை. அதனால்தான் கார்கள் 1960-களிலேயே மாறத் தொடங்கின. பீட்டில் கார் மட்டும் 1970-களின் தொடக்கம் வரைக்கும் ஆயில் கிண்ணத்தோடு ஓடியது. ஆனால் பேப்பருக்குக் களத்தில் வேறு பாடு. சுனையில் ஒரே நாளில் அடைக்கும். அடைத்ததும் டயரில் தட்டுவார்கள், மடிப்பு கிழியும், கிழிந்தது தெரியாமல் மறுபடி மாட்டுவார்கள். கம்ப்ரஸரில் ஊதினாலும் 2 பார் அழுத்தத்துக்கு மேல் போகாமல் உள்ளிருந்து வெளியே ஊத வேண்டும். பஞ்சர் கடைக் காற்று அதைவிடப் பல மடங்கு. உங்கள் டப்பாவும் வலையும் துரு இல்லாமல் இருந்தால் மாற்ற வேண்டாம். டப்பா ஓட்டையாகிவிட்டது என்றால், உங்கள் எஞ்சினின் காற்று அளவுக்குப் பொருந்தும், உள்ளே பாதுகாப்பு ஃபில்டரும் சேர்ந்த இரட்டை செட்டாக மாற்றுங்கள். ஏதோ கார் ஃபில்டரைக் கம்பி போட்டுக் கட்டுவது ஆகாது.

கிணற்று மேட்டு எஞ்சினுக்கும் அதே தத்துவம்தான், கிண்ணம் சின்னது. ஆனால் அது நகராமல் ஒரே இடத்தில் நிற்பதால் இரண்டு விஷயம் கூடுதல். எஞ்சின் மட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள், கான்கிரீட் மேடை ஒருபக்கம் அமுங்கியிருந்தால் கிண்ணத்தில் ஆயிலும் ஒருபக்கம் சாய்ந்துதான் நிற்கும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் முன் கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்காமல் கைப்பிடியைச் சுற்றாதீர்கள். மேல் குழாயில் குளவி கூடு கட்டியிருக்கும், கிண்ணத்தில் மழைத்தண்ணீர் நிற்கும், சில சமயம் பல்லி மிதக்கும்.

உங்கள் டிராக்டருக்கு இப்போது செய்ய வேண்டியது: கழுவி, கோடு வரைக்கும் ஊற்றி, ஹோஸையும் பார்த்துவிட்டு 10 மணி நேரம் ஓட்டுங்கள். முதல் அரை மணி நேரம் ஹோஸில் தேங்கிய ஆயில் எரிந்து புகை வரும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் நீலப்புகை நிற்காமல், டிப்ஸ்டிக்கிலும் குறைந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள்.